கொட்டகையும் பெட்டியும் – 17: குதிரைமேல் வந்த பாட்டுக்காரன்

மாட்டுப் பொங்கலன்று எந்தச் சேனலைத் திருப்பினாலும் நடிகர் நடிகைகள் பட்டுடுத்திப் பொங்கல் வைத்துக்கொண்டிருப்பார்கள். இந்த வருசம் பாப்பாரப்பட்டியில் சித்தப்பா வீட்டில் அவர்களுக்கு விடுமுறை கொடுத்துவிட்டோம். மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் அடித்து, மாலை கட்டி முடித்ததும் பெட்டியில் யூடியூபைப் போட்டோம். அன்று முழுக்க அமெரிக்க மாட்டுக்காரர்கள். அதிலும் பாடுகிற மாட்டுக்காரர்கள்.

கௌபாய் என்றதும் நமக்கு நினைவு வருபவர் கிளின்ட் ஈஸ்ட்வுட்தான். வாயோரம் சுருட்டு, இடுக்கிய கண், மூன்று வார்த்தைக்கு மேல் பேச்சில்லை. அந்த ஆளை 1964இல் உருவாக்கியவர் இத்தாலிக்காரரான செர்ஜியோ லியோனி. அதற்கு முப்பது வருசம் முன்பே அமெரிக்காவில் வேறொரு வகைக் கௌபாய் இருந்தான். மடிப்புக் கலையாத சட்டை, பூவேலை செய்த பூட்ஸ், கையில் கிட்டார். துப்பாக்கி எடுக்கும் முன் ஒரு பாட்டு, வேலை முடிந்ததும் இன்னொரு பாட்டு. 1930களின் நடுவிலிருந்து 1950களின் தொடக்கம்வரை சிற்றூர் அமெரிக்காவின் சனிக்கிழமைக் காட்சிகளை ஆண்டது அவன்தான். பெருநகரத்து விமர்சகர்கள் அவனைப் பெரிதாக மதித்ததில்லை. நம் பி, சி சென்டர் படங்களுக்கு நடந்ததும் அதேதான் என்று சொல்லத் தேவையில்லை.

என் வயதுக்காரர்களுக்குப் பழைய ஹாலிவுட் அறிமுகமானது கேபிள் வழியாக. 1995இல் கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவுக்கு வந்தபோது பகலெல்லாம் பூனையும் எலியும் ஓடும். இரவானால் அதே சேனல் டிஎன்டி ஆகிவிடும். பிள்ளைகளைத் தூங்கச் சொல்லிவிட்டு கறுப்பு வெள்ளை ஹாலிவுட் விழித்துக்கொள்ளும். சேனலின் முதலாளி டெட் டர்னர் 1986இல் எம்ஜிஎம் படக்கிடங்கை வாங்கியவர். 1950க்கு முந்தைய வார்னர் படங்களும் அதோடு வந்தன. ஆர்கேஓ படங்கள் பின்னால் சேர்ந்தன. தர்மபுரி மாவட்டத்தின் ஒரு பேரூராட்சியில், கேபிள்காரர் இழுத்துக் கட்டிய கம்பியில் ஜூடி கார்லண்ட் பாடியது அப்படித்தான். பிற்பாடு அது டிசிஎம் என்று பெயர் மாறியது; கார்ட்டூன் நெட்வொர்க் இருபத்துநான்கு மணி நேரத்தையும் தனக்கே எடுத்துக்கொண்டது.

ஆனால் அந்தக் கிடங்கில் அசல் பாட்டுக்காரக் கௌபாய்கள் அனேகமாக இல்லை. ஜீன் ஆட்ரியும் ராய் ரோஜர்ஸும் ரிபப்ளிக் என்ற சின்னக் கம்பெனியின் ஆட்கள். எம்ஜிஎம் காட்டியதெல்லாம் ‘செவன் பிரைட்ஸ் ஃபார் செவன் பிரதர்ஸ்’ (1954) மாதிரி, பணம் கொட்டி எடுத்த கலர்ப் பாட்டுப் படங்கள். பாட்டுக்காரக் கௌபாயின் பணக்காரப் பங்காளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிபப்ளிக் படங்கள் நம் கைக்கு வந்தது யூடியூப் காலத்தில்தான்.

முதலில் போட்டது ‘ரைடர்ஸ் ஆஃப் டெஸ்டினி’ (1933). நாயகன் ஜான் வெய்ன். பிற்காலத்தில் மலைபோல நின்ற அதே ஜான் வெய்ன், இதில் ‘பாட்டுக்கார சாண்டி’. வில்லனை நோக்கி நடந்து போகும்போது பாடுகிறார். குரல் அவருடையதல்ல. வேறொருவர் பாட, இவர் வாயை மட்டும் அசைக்கிறார். தமிழில் பின்னணிக் குரல் முதலில் வந்த படம் ஏவி.எம்.மின் ‘நந்தகுமார்’ (1938) என்பார்கள். அதற்கு ஐந்து வருசம் முன்பே ஜான் வெய்ன் இரவல் குரலில் பாடிவிட்டார். கொட்டகைகளுக்கு நேரில் போனால் ஜனங்கள் பாடச் சொல்லிக் கேட்டுச் சங்கடப்படுத்தினார்கள், அதனால்தான் அந்த வேடத்தை உதறினார் என்று சொல்வதுண்டு. நம்மூரில் எந்த நாயகனுக்கும் அந்தச் சங்கடம் வந்ததில்லை. மேடையில் வணக்கம் போட்டாலே போதும்.

படம் ஓடிக் கால்மணி நேரத்தில் சித்தப்பா கேட்டார்: “ஏம்பா, மாட்டுக்காரன்னு சொன்ன. மாட்டையே காணோம்? குதிரையாத்தான் ஓடுது.”

அவருக்கு மாடு தெரியும். ஆலம்பாடி மாடு வைத்திருந்த குடும்பம். பென்னாகரம் காட்டில் பட்டி போட்டு மேய்த்த காலத்தைப் பார்த்தவர். அந்த இனம் இப்போது அருகிவிட்டது. அவர் சொன்னது சரி. கௌபாய் படங்களில் மாட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அசல் கௌபாய்களின் வேலை மாடு ஓட்டுவது. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு, 1866இலிருந்து ஏறக்குறைய இருபது வருசம், டெக்ஸாஸிலிருந்து கான்சாஸ் ரயில் நிலையங்களுக்கு மந்தை மந்தையாக ஓட்டிப் போனார்கள். அவர்களில் நான்கில் ஒருவர் கறுப்பர் என்பது வரலாற்றாளர்கள் சிலரின் கணிப்பு. படங்களைப் பார்த்து அதை யாரும் ஊகிக்க முடியாது. (1937இல் ஹெர்ப் ஜெஃப்ரிஸ் என்ற பாடகரை நாயகனாக்கி ‘ஹார்லம் ஆன் தி ப்ரெய்ரி’ வந்தது. கறுப்பர்களுக்கான கொட்டகைகளைக் கணக்கில் வைத்து எடுத்த படம்.) இரவுக் காவலில் இருப்பவர்கள் மந்தையைச் சுற்றிக் குதிரையில் வந்தபடி மெதுவாகப் பாடிக்கொண்டே இருப்பார்களாம். சின்னச் சத்தத்துக்கு மிரண்டாலும் ஆயிரம் மாடு ஒரே மூச்சில் ஓடத் தொடங்கிவிடும். மனிதக் குரல் தொடர்ந்து கேட்டால் மிரளாது. பாட்டுக்காரக் கௌபாய் சினிமாக்காரர்கள் கட்டிவிட்ட கதைதான் என்றாலும் பாட்டு பொய்யில்லை.

இதைச் சொன்னதும் சித்தப்பா தலையாட்டினார். “பட்டியில ராத்திரி சும்மா படுத்தா ஆகாது. குரல் குடுத்துக்கிட்டே இருக்கணும். நம்ம சத்தம் கேட்டாத்தான் அதுங்க அசை போடும்.” பாடுவீர்களா என்று கேட்டேன். “பாட்டென்ன பாட்டு. கூத்துல கேட்டது எதையாச்சும் இழுக்கிறதுதான்.”

குதிரைமேல் உட்கார்ந்து ஒருவன் பாடுவது அவருக்கு விசித்திரமாகவே படவில்லை. அமெரிக்க எழுத்தாளர்கள் பக்கம் பக்கமாகக் கேலி செய்த விசயம் இது: துரத்தல் நடுவே கிட்டார் எங்கிருந்து வந்தது, பாலைவனத்தில் வயலின் வாசிப்பது யார்? தர்மபுரிப் பக்கத்துக் கூத்தைப் பார்த்து வளர்ந்தவர் இதையெல்லாம் கேட்க மாட்டார். ராஜா பாடிக்கொண்டுதான் திரையை விட்டு வெளியே வருவான். தான் யார், எந்த நாடு, என்ன வீரம் என்று பாட்டிலேயே சொல்லிவிடுவான். ஜீன் ஆட்ரி செய்ததும் அதுதான். படத்தில் அவருடைய பாத்திரத்தின் பெயரும் ஜீன் ஆட்ரியே.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆட்ரியின் ‘தி ஃபாண்டம் எம்பயர்’ (1935). பன்னிரண்டு வாரத் தொடர்; ஒவ்வொரு வாரமும் நாயகன் சாகக் கிடக்கும் இடத்தில் நிறுத்திவிடுவார்கள், இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் என்னிடம் எதிர்பார்ப்பது போல. கதை இது: ஆட்ரியின் பண்ணைக்கு அடியில், பூமிக்குள் 25,000 அடி ஆழத்தில் ஒரு ரகசிய நகரம். அங்கே ஒரு ராணி, தகர ரோபோக்கள், மரணக் கதிர். அத்தனை ஆபத்திலும் ஆட்ரி தினமும் மதியம் இரண்டு மணிக்கு மேலே வந்து வானொலியில் பாடியாக வேண்டும். தவறினால் ஒப்பந்தம் போய்விடும், பண்ணையும் போய்விடும். உலகம் அழிந்தாலும் இரண்டு மணிப் பாட்டு நிற்கக்கூடாது! வீட்டுப் பிள்ளைகள் செல்போனை வைத்துவிட்டுப் பார்த்த ஒரே படம் அன்றைக்கு இதுதான்.

இந்த ஆட்ரி 1907இல் டெக்ஸாஸில் பிறந்தவர். வானொலியில் பாடிப் பேர் வாங்கி சினிமாவுக்கு வந்தார். 1938இல் சம்பளத் தகராறில் கம்பெனியை விட்டு வெளியேற, அவருக்கு எழுதி வைத்த கதையில் ஒரு புதுப்பையனைப் போட்டார்கள். ஒஹாயோ மாநிலத்துப் பையன், இயற்பெயர் லென்னர்ட் ஸ்லை. கம்பெனி வைத்த பெயர் ராய் ரோஜர்ஸ். (‘அம்பிகாபதி’யும் ‘மீரா’வும் எடுத்த எல்லிஸ் ஆர். டங்கனும் ஒஹாயோக்காரர்தான். கடைசிவரை தமிழ் கற்காமலேயே தமிழ்ப்படம் எடுத்த மனிதர்.) ரோஜர்ஸை நாயகனாக்கிய அந்தப் படம் ‘அண்டர் வெஸ்டர்ன் ஸ்டார்ஸ்’. சாயங்காலம் அதைப் போட்டபோது பேச்சு நின்றுபோனது.

ஏனென்றால் கதை தண்ணீர்க் கதை. மழை பொய்த்த ஊர். தண்ணீரைக் கையில் வைத்திருக்கும் கம்பெனி, காசு கொடுத்தால்தான் திறந்துவிடுவேன் என்கிறது. ராய் ரோஜர்ஸ் – படத்திலும் அதே பெயர் – குதிரையில் ஊர் ஊராகப் போய்ப் பாடி ஓட்டுக் கேட்டு நாடாளுமன்ற உறுப்பினர் ஆகிறான். தலைநகரத்தில் பெரிய மனிதர்கள் கூடிய இடத்தில் புழுதிப்புயலில் வாடிய நிலங்களின் காட்சியைத் திரையிட்டு, அதன்மேல் புழுதியைப் பற்றியே ஒரு பாட்டுப் பாடுகிறான். அந்தப் பாட்டு ஆஸ்கர் பரிந்துரைவரை போனது. அந்தச் சின்னப் படத்தை 2009இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தார்கள்.

தர்மபுரி மாவட்டத்தில் உட்கார்ந்து இதைப் பார்ப்பது வேறு அனுபவம். இங்கே ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு. பல்லில் பழுப்புக் கறை, வயதானால் எலும்பு வளைவு என்று தலைமுறைகள் பட்டாயிற்று. காவிரி ஒகேனக்கல்லில் விழுந்துகொண்டிருக்க, பக்கத்து ஊர்கள் இந்தத் தண்ணீரைக் குடித்தன. ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008இல் அடிக்கல் நாட்டினார்கள். எல்லைக்கு அப்பால் போராட்டம் கிளம்பி இரண்டு மாநிலமும் சூடானது. 2013இல் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. செலவு சுமார் 1,928 கோடி ரூபாய். படத்தில் ஒரு பாட்டில் முடிந்த வேலை இங்கே அத்தனை வருசம் இழுத்தது. “பாடினதுக்குத் தண்ணி வுட்டானா?” என்று சித்தி கேட்டது கேலிதான். ஆனாலும் அவர் கடைசிவரை எழுந்து போகவில்லை.

பாடுகிற நாயகன், ஏழை பக்கம் நிற்கிறவன், ஓட்டுக் கேட்டு ஜெயிக்கிறான். இதைத் தமிழனுக்கு விளக்க வேண்டுமா? அமெரிக்காவிலும் இது திரையோடு நிற்கவில்லை. பாடகராக இருந்து சில கௌபாய் படங்களில் தலைகாட்டிய ஜிம்மி டேவிஸ் 1944இல் லூசியானா மாநில ஆளுநரானார். அங்கே ஆளுநர் என்றால் நம் முதலமைச்சர் மாதிரி. ‘ஹை நூன்’ (1952) படத்தின் தலைப்புப் பாட்டைப் பாடிய டெக்ஸ் ரிட்டர், 1970இல் செனட் சபைக்குப் போக ஆசைப்பட்டுக் கட்சிக்குள் நடந்த தேர்தலிலேயே தோற்றார். ரொனால்ட் ரீகன் பாடவில்லை, கௌபாய் வேடம் மட்டும் போட்டவர். வெள்ளை மாளிகைக்குள் நுழைந்தது 1981 ஜனவரியில். எம்.ஜி.ஆர். கோட்டைக்குள் நுழைந்தது 1977 ஜூன் 30.

பாட்டுக்காரக் கௌபாய்க்குத் தமிழில் யாரை ஈடு சொல்வது என்ற கேள்விக்கு ஆளுக்கொரு பதில் உண்டு. பலர் ஜெய்சங்கர் என்பார்கள். ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநரான கர்ணன் ‘காலம் வெல்லும்’ (1970), ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ (இரண்டும் 1972) என்று வரிசையாக அவருக்குத் தொப்பி மாட்டிக் குதிரை ஏற்றினார். குதிரைத் துரத்தலைக் கர்ணன் அளவுக்குப் படம்பிடித்தவர் தமிழில் குறைவு. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2010இல் சிம்புதேவன் ‘இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்’ எடுத்தபோது ஊருக்கே ஜெய்சங்கர்புரம் என்று பெயர் வைத்தார். ஆனால் கர்ணனின் கௌபாய், லியோனிக்குப் பிறந்தவன். பழிவாங்க வருகிறவன். பாட்டு இருக்கிறது, தமிழ்ப்படம் என்பதால் இருக்கிறது. அதை வெட்டி எடுத்தாலும் கதை நகரும்.

ஆட்ரியின் படத்தில் பாட்டை வெட்டினால் மிச்சம் எதுவும் தேறாது. அதைச் செய்தும் பார்த்தார்கள். 1950களில் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு இந்தப் படங்களை விற்றபோது ஒரு மணி நேர இடைவெளியில் விளம்பரத்தோடு அடங்க வேண்டும் என்று ஐம்பத்துச் சொச்ச நிமிடங்களாக வெட்டினார்கள். வெட்டு விழுந்ததில் பாட்டுகளும் உண்டு. பாடாத பாட்டுக்காரக் கௌபாயைப் பார்த்து ஒரு தலைமுறையே வளர்ந்தது! தங்கள் பழைய படங்களைப் பெட்டிக்கு விற்கக்கூடாது என்று ரோஜர்ஸும் ஆட்ரியும் ரிபப்ளிக் மேல் வழக்குப் போட்டார்கள். கடைசியில் கம்பெனிதான் ஜெயித்தது. கெட்டிக்காரர் வில்லியம் பாய்ட். ‘ஹாப்பலாங் காசிடி’யாக நடித்த தன் படங்களின் உரிமையை முன்னமே தானே வாங்கி வைத்துக்கொண்டு, 1949இல் தொலைக்காட்சிக்குக் கொடுத்துப் பெரும் பணக்காரர் ஆனார். சாட்டிலைட் உரிமை என்றால் என்னவென்று தெரியாமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த நம் தயாரிப்பாளர்களை அப்போது நினைத்துக்கொண்டேன்.

என் பதில் ஜெய்சங்கர் இல்லை. தொப்பியைப் பார்த்துத் தேடினால் ஆளைத் தவறவிடுவோம். ஆட்ரி தன் ரசிகச் சிறுவர்களுக்குப் பத்துக் கட்டளை போட்டார்: முதலில் சுடாதே, சொன்ன சொல் தவறாதே, உண்மை பேசு, குழந்தை, முதியவர், விலங்கு எல்லோரிடமும் மென்மையாக இரு, பெண்களையும் பெற்றோரையும் மதி என்று போகும். திரையில் குடிக்காத, புகைக்காத நாயகன், தாய்க்குலத்தின் நாயகன், பாட்டிலேயே புத்தி சொல்லும் நாயகன். இந்தச் சட்டை எம்.ஜி.ஆருக்குத் தைத்தது போல் பொருந்துகிறது. குரல் விசயத்தில் மட்டும் அவர் ஜான் வெய்ன் கட்சி. பாடியது டி.எம். சௌந்தரராஜன், ஓட்டு விழுந்தது முகத்துக்கு.

எம்.ஜி.ஆரின் ‘மலைக்கள்ளன்’ (1954) நம் பக்கத்து நாமக்கல் கவிஞர் எழுதிய கதை. இருப்பவனிடம் எடுத்து இல்லாதவனுக்குக் கொடுக்கும் கள்ளன். ஏய்ப்பவர்களைத் தட்டிக் கேட்கும் டி.எம்.எஸ். பாட்டு. மூன்று வருசம் கழித்து சாண்டோ சின்னப்பா தேவர் ‘நீலமலைத் திருடன்’ எடுத்தார். நாயகன் ரஞ்சன், ‘சந்திரலேகா’வின் வில்லன். குதிரையில் போய்க்கொண்டே, மருதகாசியின் வரிகளை டி.எம்.எஸ். குரலில் பாடுகிறார், இசை கே.வி. மகாதேவன். சேணத்தில் அமர்ந்தபடி நீதி பாடுகிற நாயகன் என்றால் தமிழில் எனக்கு இதுதான் முதல் இடம். தொப்பியும் இல்லை, டெக்ஸாஸும் இல்லை. இருட்டியபின் இந்தப் பாட்டைப் போட்டபோது சித்தப்பா சத்தத்தைக் கூட்டச் சொன்னார். 1978இல் அதே தேவரின் நிறுவனம் ‘தாய் மீது சத்திய’த்தில் ரஜினிகாந்துக்கு அசல் கௌபாய் உடை மாட்டியது. உடை வந்தது, ரஞ்சனின் பாட்டு திரும்ப வரவில்லை.

அமெரிக்கக் கௌபாய் ஒருவர் நம் சேலத்துக் கம்பெனிப் படத்தில் நடித்த கதையோடு இந்த வாரத்தை முடிக்கிறேன். மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம், அமெரிக்காவின் லிப்பர்ட் கம்பெனியோடு சேர்ந்து ‘தி ஜங்கிள்’ என்ற ஆங்கிலப் படம் எடுத்தார்; 1952இல் வெளியானது. இயக்கியவர் வில்லியம் பெர்க். நாயகன் ராட் கேமரன், 1940களில் யூனிவர்சலின் சின்ன பட்ஜெட் கௌபாய் படங்களில் குதிரையேறியவர். கூடவே சீசர் ரொமேரோ, இந்திய இளவரசியாக மேரி வின்ட்சர், நம் எம்.என். நம்பியார். காட்டில் யானைகள் மிரண்டு ஓடுகின்றன. காரணம் தேடிப் போனால் ஆதிகாலத்து மாமூத்கள். மாமூத் என்று காட்டியது முடி ஒட்டிய யானைகளைத்தான். தமிழில் ‘காடு’ என்ற பெயரில் வந்தது. தர்மபுரி அப்போது சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. தனி மாவட்டம் ஆனது 1965இல்.

‘காடு’ படத்தைச் சேலம், தர்மபுரி, பென்னாகரம் பக்கத்துக் கொட்டகைகளில் பார்த்தவர்கள் இன்னும் இருப்பீர்கள். வயது எண்பதைத் தாண்டியிருக்கும். நோட்டீசோ, பாட்டுப் புத்தகமோ, வெறும் ஞாபகமோ எது இருந்தாலும் ஆசிரியர் முகவரிக்கு எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் பேரப்பிள்ளைகளிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள்.

(தொடரும்)